குறட்டை நின்ற நேரங்களில்

நடுராத்திரியில் என் வீட்டுக்காரரின் குறட்டை திடீரென்று நின்றுபோகும். எனக்கு அப்போதுதான் விழிப்புத் தட்டும். இருட்டில் படுத்தபடியே எண்ணுவேன். பத்து, பதினைந்து, இருபது. சில நாள் முப்பதையும் தாண்டும். பிறகு கிணற்றில் மூழ்கியவர் மேலே வந்து மூச்சை இழுப்பதுபோல் ஒரு பெரிய சத்தம். உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும். புரண்டு படுப்பார். மறுபடியும் குறட்டை.

பத்து வருஷத்துக்கு மேல் இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். இவருடைய இதயத் துடிப்புக் கோளாறுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கேட்டிருக்கலாம். மூன்று வருஷம் நெஞ்சு வைத்தியத்துக்காக ஏறி இறங்கிய இடங்களில் ஒருவர்கூட பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் அதைக் கேட்கவில்லை.

இவர் திருப்பூரில் நூல் ஏஜென்ட். மில்லுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் நடுவே அலைகிற வேலை. காலைச் சாப்பாடு பதினோரு மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு பாதி நாள் ஹோட்டலில். சனிக்கிழமை சாயங்காலம் பார்ட்டிகளோடு உட்கார்ந்தால்தான் வரவேண்டிய பணம் வரும் என்பார். 2019-இல், 56 வயதில், ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல அம்மிணி, கேஸ் புடிச்சிருக்கும்" என்றார். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். கையைப் பிடித்துப் பார்த்தபோது நாடி எந்தத் தாளத்திலும் இல்லை. இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக, பிறகு ஒரு இடைவெளி, பிறகு நான்கு சேர்ந்து. அப்படி ஒரு நாடியை நான் தொட்டதே இல்லை.

ஈசிஜி எடுத்துவிட்டு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். சுருக்கமாக ஏ.எஃப். இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் மின்துடிப்புதான் நிமிஷத்துக்கு 60 முதல் 100 முறை இதயத்தை ஒழுங்காகத் துடிக்க வைக்கிறது. ஏ.எஃப் வந்துவிட்டால் மேலறைகளில் நிமிஷத்துக்கு 350-க்கு மேல் தாறுமாறான மின்னலைகள் ஓடும். மேலறை சுருங்கி விரியாது, வெறுமனே நடுங்கும். கீழறைக்கு அதில் ஒரு பகுதிதான் போய்ச் சேரும், அதுவும் ஒழுங்கில்லாமல். அதுதான் என் விரலுக்குத் தட்டுப்பட்டது.

நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும். இடது மேலறையில் ஒரு சிறு பை போன்ற பகுதி உண்டு. அங்கே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப் இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில் பல்லாண்டுகள் நடந்த ஆய்வு காட்டியது. இவருக்கு பிரஷரும் சுகரும் ஏற்கெனவே இருந்ததால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை அன்றே ஆரம்பித்தார்கள். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் யாரும் தாமதிக்கவில்லை.

மற்றதெல்லாம் ஓட்டமாகவே போனது. துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, தாளத்தை நிலைநிறுத்த இன்னொன்று, ஒருமுறை மயக்கம் கொடுத்து மின்அதிர்ச்சி. ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் தாங்கும். 2021-இல் அப்லேஷன் செய்தோம். ஏ.எஃப்-ஐக் கிளப்பிவிடும் மின்பொறிகளில் பெரும்பாலானவை நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயிலிருந்தே புறப்படுகின்றன என்று 1998-இல் பிரான்ஸின் போர்தோ நகரத்து மருத்துவர் ஹாய்சகேரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். தொடை வழியாகக் குழாய் செலுத்தி அந்த வாய்களைச் சுற்றிச் சூடு வைத்துத் தழும்பு உண்டாக்கினால் பொறி உள்ளே தாவாது. அருமையான சிகிச்சை. கையில் இருந்ததோடு கொஞ்சம் நகையும் அதற்குப் போனது. ஒன்பது மாதம் நன்றாக இருந்தார். பத்தாம் மாதம் திரும்பி வந்துவிட்டது.

அப்லேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் கடைசி வரி, "உடல் எடையைக் குறைக்கவும், உப்பைக் குறைக்கவும், உடற்பயிற்சி செய்யவும்." அவ்வளவுதான். எவ்வளவு, எப்படி, எதற்காக என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லா நோய்க்கும் எல்லாத் தாளிலும் அச்சடித்து வருகிற வரி என்று நானும் மடித்து வைத்துவிட்டேன். அந்த வரிதான் சிகிச்சையின் பாதி என்பது தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

2022-இல் வேறொரு மருத்துவரிடம் போனோம். ரிப்போர்ட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டு இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "ஏங்கம்மா, ராத்திரி இவரு குறட்டை விடுவாருங்களா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணிய எண்ணிக்கையை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

வீட்டிலேயே ஒரு ராத்திரி கருவியைக் கட்டிக்கொண்டு தூங்கும் சோதனை செய்தோம். மணிக்குச் சராசரியாக 38 தடவை மூச்சு நிற்கவோ குறையவோ செய்திருக்கிறது. 30-க்கு மேல் போனாலே தீவிரம். அவர் விளக்கியது எனக்கு இன்றும் மறக்கவில்லை. தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது. நெஞ்சோ மூச்சை இழுக்க முட்டி மோதுகிறது. மூடிய கதவுக்கு எதிரே அப்படி இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் சரிந்து, மெல்லிய சுவர் கொண்ட மேலறை இழுபட்டு விரிகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்று மூளை பதறி எழுப்ப, பிரஷர் எகிறுகிறது. ஒரு ராத்திரியில் இருநூறு முன்னூறு தடவை இது நடந்தால், வருஷக்கணக்கில் அந்த மேலறை பெருத்து, தசை நாராக மாறி, நடுக்கத்துக்கு வாகான நிலமாகிவிடுகிறது. நிலத்தை அப்படியே வைத்துவிட்டு முளைத்ததை மட்டும் பொசுக்கியிருக்கிறோம்.

நடுக்கமே நடுக்கத்தை வளர்க்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. 1995-இல் நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகரில் ஆடுகளுக்கு ஏ.எஃப்-ஐச் செயற்கையாகத் திரும்பத் திரும்ப உண்டாக்கிப் பார்த்தார்கள். முதலில் சில நொடிகளில் தானே அடங்கியது, நாள் போகப் போக அடங்காமல் நிலைத்துவிட்டது. இவருடைய தொந்தரவு முதல் வருஷம் மணிக்கணக்கில் இருந்து மூன்றாம் வருஷம் நாள்கணக்கில் ஆனதற்கு அதுதான் காரணம்.

அடுத்தது எடை. அப்போது 94 கிலோ. இதயத்தைச் சுற்றியும் கொழுப்பு படிகிறது, அது மேலறைத் தசைக்குள் ஊடுருவி மின்னோட்டத்தின் பாதையைக் கெடுக்கிறது என்று சொன்னார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் பிரசாந்தன் சாண்டர்ஸ், ராஜீவ் பதக் ஆகியோர் நடத்திய ஆய்வுகளைப் பற்றி அவர்தான் முதலில் சொன்னார். பிறகு மகள் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். எடை கூடிய 355 ஏ.எஃப் நோயாளிகளைச் சில வருஷங்கள் தொடர்ந்திருக்கிறார்கள். 2015-இல் வெளியான முடிவு இது. உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைத் தக்கவைத்தவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு மருந்தும் இல்லாமல் அப்லேஷனும் இல்லாமல் துடிப்பு ஒழுங்காக இருந்தது. மூன்று சதவீதத்துக்குக் கீழே குறைத்தவர்களிடம் அது 13 சதவீதம்தான். எடை குறைந்து, கூடி, குறைந்து என்று ஐந்து சதவீதத்துக்கு மேல் ஊசலாடியவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு.

அதே குழு அதற்கு முந்தைய வருஷம் வெளியிட்ட இன்னொன்றுதான் என்னை அதிகம் வாட்டியது. அப்லேஷன் செய்துகொண்டவர்களில் எடை, பிரஷர், சுகர், தூக்கம், குடி, புகை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கவனித்துக்கொண்டவர்களுக்கு அப்லேஷன் நீண்ட நாள் நின்றது, மற்றவர்களுக்கு நிற்கவில்லை. அந்தக் கவனிப்பை ஏற்பதா வேண்டாமா என்று நோயாளிகளே முடிவுசெய்த ஆய்வு அது. மனஉறுதி உள்ளவர்கள் ஒரு பக்கம் சேர்ந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், வித்தியாசம் பெரிதாகவே இருந்தது. வெளியான வருஷம் 2014. எங்கள் அப்லேஷன் 2021-இல். இடையில் ஏழு வருஷம். யாராவது அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அந்த நகை போயிருக்காது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அப்லேஷன் கூடுதலாகக் கொஞ்ச காலமாவது தாங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்ட கேள்வி, "அப்ப நானே வரவழைச்சுக்கிட்டனா?"

இந்த இடத்தில் நிதானமாகச் சொல்ல வேண்டும். வாழ்க்கைமுறை என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டிலும் உறவிலும் ஒரு நீதிமன்றம் கூடிவிடுகிறது. "நாக்கைக் கட்டியிருந்தா வந்திருக்குமா?" என்று பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். என் சின்ன மாமியாருக்கும் இதே ஏ.எஃப் இருந்தது. ஒடிசலான உடம்பு, வாழ்நாளில் எண்ணெய்ப் பலகாரம் தொட்டதில்லை. சின்ன வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. நம் ஊர்களில் அப்படி வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு வைத்தியம் வேறு, மாத்திரை வேறு. வயது ஏறுவதாலும், பரம்பரையாலும், தைராய்டு கூடியிருப்பதாலும் ஏ.எஃப் வரும். என் மாமனாருக்கும் கடைசிக் காலத்தில் "நாடி தப்பி அடிக்கும்" என்பார்கள். அதனால் இவரிடம் சொன்னேன், "நீங்க வரவழைக்கலைங்க. ஆனா அது உக்காந்திருக்கிற பாயை நாம உருவலாம்." அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது அந்தப் பேச்சுதான் என்று நினைக்கிறேன். குற்ற உணர்ச்சியோடு ஆரம்பித்திருந்தால் ஒரு மாதத்தில் விட்டிருப்பார்.

பாயை உருவுவது சமையலறையில் தொடங்கியது. உப்பை நான் கிராமில் பார்த்ததே கிடையாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாங்கள் வீட்டில் மூன்று பேர். அந்தக் கணக்குப்படி ஒரு கிலோ பாக்கெட் இரண்டு மாதத்துக்கு மேல் வர வேண்டும். எங்கள் வீட்டில் நாற்பது நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், ஹோட்டல் சாப்பாடு எல்லாம் இதில் சேரவில்லை. பாக்கெட்டின் மேல் பிரித்த தேதியை எழுதி வைக்க ஆரம்பித்தேன். இப்போது 58 நாள் வருகிறது. மருந்தின் அளவை மாற்றாமலேயே பிரஷர் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். ஏ.எஃப் இருப்பவர்களுக்கு வீட்டு பிரஷர் மெஷின் ஒருமுறை காட்டுவதை நம்பக்கூடாது, துடிப்பு ஒழுங்கில்லாததால் அளவு மாறி மாறி வரும். மூன்று முறை எடுத்துச் சராசரி எழுதுகிறோம். ஏ.எஃப்-க்கான காரணங்களில் பிரஷர்தான் மிகப் பரவலானது, அதற்குத்தான் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

அரிசிம்பருப்புச் சாப்பாட்டை நான் நிறுத்தவில்லை. கொங்கு வீட்டில் அதை நிறுத்தச் சொன்னால் எதுவும் நடக்காது. அரிசியைப் பாதியாக்கிப் பருப்பைக் கூட்டினேன், நெய் ஒரு ஸ்பூன், பக்கத்தில் அரைத் தட்டு பொரியல். ராத்திரியில் களியும் கீரையும், அல்லது கொள்ளு ரசத்தோடு கொஞ்சம் சோறு. எட்டு மணிக்குள் முடிய வேண்டும். இவருக்கு உறைவைத் தடுக்கப் புதிய வகை மாத்திரை என்பதால் கீரைக்குத் தடையில்லை. சின்ன மாமியார் வாழ்நாள் முழுக்க அசிட்ரோம் என்ற பழைய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைதான் சாப்பிட்டார்கள். அந்த மாத்திரைக்காரர்கள் கீரையை ஒரு நாள் கட்டுக்கட்டாகவும் மறுநாள் அறவே இல்லாமலும் சாப்பிட்டால் ரத்தம் உறையும் அளவு ஆடிவிடும். தினமும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

நடை முதலில் பத்து நிமிஷம், இப்போது நாற்பது. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுவதால் கையில் கட்டும் வாட்ச் காட்டும் எண்ணை இலக்காக வைத்துக்கொள்ள முடியாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதுதான் அளவு. அதனால் நானும் கூட நடக்கிறேன்.

காபி விஷயத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். படபடப்பு வந்த நாளிலிருந்து யாரும் சொல்லாமலேயே இவருடைய ஃபில்டர் காபியை நிறுத்தினேன். மூன்று வருஷம் அந்த மனுஷர் காலையில் சுக்குத் தண்ணீர் குடித்தார். புது மருத்துவர் கேட்டுவிட்டு, "ஒன்னு ரெண்டு டம்ளர் தாராளமாக் குடிக்கட்டுங்க, குடிச்சு படபடப்பு வந்தா மட்டும் நிறுத்துங்க" என்றார். 2025-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்த 200 காபிப் பிரியர்களில் பாதிப் பேரைத் தினம் காபி குடிக்கவும் மீதிப் பேரை நிறுத்தவும் சொல்லி ஆறு மாதம் பார்த்தார்கள். காபி குடித்தவர்களுக்குத்தான் குறைவாகத் திரும்பி வந்தது. தேவையில்லாத விரதங்களில் மனஉறுதியைச் செலவழித்துவிட்டால் தேவையானதற்கு மிச்சம் இருக்காது.

தேவையானது சனிக்கிழமை ராத்திரிக் குடியை நிறுத்துவது. இதில் நான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டுதான் சொன்னது. மருத்துவர் சொன்னபடி படபடப்பு வந்த நாள், ஆரம்பித்த நேரம், அடங்கிய நேரம், முந்தைய நாள் சாப்பாடு, தூக்கம் என்று கோடு போட்டு எழுதிவந்தோம். மூன்று மாதம் ஆனதும் இவரே பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். பதினொன்றில் ஏழு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. விடுமுறைக் குடியை அடுத்து வரும் துடிப்புக் கோளாறைப் பற்றி அமெரிக்காவில் 1978-லேயே எழுதி அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், வாரம் பத்து டிரிங்கோ அதற்கு மேலோ குடிக்கும் 140 ஏ.எஃப் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். அடியோடு நிறுத்தும்படி சொல்லப்பட்டவர்களில் ஆறு மாதத்தில் 53 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும் திரும்பி வந்தது. இதை மகள் படித்துக் காட்டியபோது எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை பார்ட்டியிடம், "டாக்டர் நெஞ்சுக்கு ஆகாதுன்னுட்டாருங்க, நான் சோடா" என்றாராம். பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

தூக்கத்துக்கு சிபாப் மெஷின். மூக்கின் மேல் மாஸ்க் வைத்து, தொண்டை மூடாதபடி காற்றை அழுத்திக் கொடுக்கும் கருவி. முதல் மாதம் பாதி ராத்திரியில் கழற்றி எறிவார். கன்னத்தில் பட்டை பதியும், வாய் உலர்ந்துபோகும். மாஸ்க் அளவு சரியில்லை என்று கண்டுபிடித்து மாற்றிய பிறகுதான் பழகினார். ஏ.எஃப் குறைந்தது இந்த மெஷினால்தான் என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே செய்தோம். ஆனால் பகல் சோர்வு போனது, அதனால்தான் காலையில் நடக்கவே முடிந்தது. பேத்தி அந்தக் குழாயைத் தும்பிக்கை என்பாள். முதல் முறை முழு ராத்திரியும் மாட்டிக்கொண்டு தூங்கியபோது, அந்த அமைதி பழகாமல் நான்தான் விடிய விடிய விழித்திருந்தேன்.

94 கிலோ ஒன்றரை வருஷத்தில் 83 ஆனது. மூன்று மாதச் சராசரி சுகர் 8.1-இலிருந்து 6.8. மாதத்துக்கு மூன்று நான்கு முறை வந்துகொண்டிருந்த படபடப்பு, கடந்த வருஷம் முழுக்க இரண்டே முறை, இரண்டும் சில மணி நேரத்தில் அடங்கிவிட்டன.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பயம். எங்கள் உறவில் ஒருவர் அப்படித்தான் நிறுத்தினார். எடை குறைந்தது, உடம்பு லேசானது, படபடப்பே இல்லை, எதற்கு வீணாக ரத்தம் உறையாத மாத்திரை என்று தானே முடிவெடுத்தார். ஐந்தாம் மாதம் வலது கையும் பேச்சும் போயின. அந்த மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை வயது, பிரஷர், சுகர், முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். இன்றைக்குத் துடிப்பு ஒழுங்காக இருப்பதை வைத்து அல்ல. தெரியாமல் வந்துபோகும் ஏ.எஃப்-உம் உண்டு. 2024-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூடவே இருக்கும் நோய்களையும் எடை, குடி போன்றவற்றையும் சரிசெய்வதைச் சிகிச்சையின் முதல் படியாகவே வைத்திருக்கிறார்கள். அடுத்த படி பக்கவாதத்தைத் தடுப்பது. ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. அப்லேஷனுக்கும் அப்படியே. எடை கூடியவர்களில் அப்லேஷனையும், மருந்தோடு சேர்ந்த எடைக்குறைப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்த்த செக் நாட்டு ஆய்வில் ஒரு வருஷ முடிவில் அப்லேஷன் செய்தவர்களே தெளிவாக முன்னால் இருந்தார்கள். எங்களுக்கும் மறுபடி தேவைப்பட்டால் செய்துகொள்வோம். இந்த முறை நிலத்தைத் தயார் செய்துவிட்டுப் போவோம்.

தை மாதத்தில் மட்டும் ஒன்பது கல்யாணம். மொய் வைத்த கையோடு பந்தியில் உட்காராமல் வர முடியுமா? மாசி பிறந்து எடை பார்த்தால் 84.8. நோட்டில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ராத்திரிக்குச் சோறு வேண்டாம் அம்மிணி, ராகிக் களியே போட்டுடு" என்றார். நேற்று ராகி காயவைத்தேன். சாயங்கால நடைக்குப் போகும் வழியில் மில்லில் கொடுத்து அரைத்து வரவேண்டும்.